அட்டை கடிக்காத காலும் சுடாத கையும்

மேகமலையில் நாங்கள் வேலை பார்த்த ஏலத்தோட்டத்தில் இரண்டு அதிசயங்கள் உண்டு என்று எல்லோரும் சொல்லுவார்கள். ஒன்று என் இடது கால். மற்றது என் மைத்துனன் பாண்டியின் வலது கை. என் காலை அட்டை கடிக்காது. அவன் கையை நெருப்பு சுடாது.

மழைக்காலத்தில் அந்த மலையில் வேலை பார்த்தவர்களுக்கு நான் அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. புகையிலையையும் சுண்ணாம்பையும் குழைத்துக் காலில் பூசிக்கொண்டு, மேலே சாக்குத்துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். அப்படியும் நடுவில் குனிந்து குனிந்து பிடுங்கி எறிய வேண்டியிருக்கும். நான் குனிய மாட்டேன். சாயங்காலம் தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லயன் வீட்டுக்குத் திரும்பிக் கால் கழுவும்போதுதான் கணுக்காலில் ரத்தம் காய்ந்து கிடப்பதைப் பார்ப்பேன். கடித்துத்தான் இருக்கிறது. கடித்தது தெரியவில்லை, அவ்வளவுதான். தெரியாததைக் கடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டோம்.

கங்காணிக்கு இது பெரிய சௌகரியம். "ஏலே சுருளி, ஓடைக்குள்ள நீ எறங்குலே. ஒனக்குத்தான் ராசாக் காலு" என்பார். யாரும் இறங்கப் பயப்படும் ஈரப் பள்ளத்தில் என்னை இறக்கிவிடுவார். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்குவேன்.

பாண்டியின் கைக்கு அதைவிட நல்ல மரியாதை கிடைத்தது. பறித்த ஏலக்காயை உலர்த்த ஸ்டோர் என்று ஒரு கட்டடம் உண்டு. கீழே விறகு எரியும், சூடு குழாய் வழியாக உள்ளே வரும், கம்பித் தட்டுகளில் காயைப் பரப்பி வைத்திருப்பார்கள். தட்டை இழுத்துக் காயைக் கிளற வேண்டும். மற்றவர்கள் கந்தலைச் சுற்றிக்கொண்டு இழுப்பார்கள். பாண்டி வெறுங்கையால் இழுப்பான். அதைப் பார்த்துவிட்டு கங்காணி அவனை மழையிலிருந்து எடுத்து ஸ்டோருக்குள் போட்டுவிட்டார். அந்த மலையில் கூரைக்குக் கீழே வேலை கிடைப்பது லேசில்லை. காய்ந்த வேட்டியோடு வேலை பார்க்கிறவன் என்று சின்னமனூரிலிருந்து அவனுக்குப் பெண் கொடுக்கக்கூட ஆள் வந்தது.

நான் ஓரிடத்தில் தங்குகிறவன் இல்லை. அனுமந்தன்பட்டியில் பிறந்தேன், அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன், பிறகு ஊர் ஊராகப் போனேன். தூத்துக்குடியில் உப்பு சுமந்தேன். கொச்சியில் வள்ளக்காரர்களுக்குச் சோறு பொங்கினேன். கொஞ்ச காலம் கண்டிச் சீமையில் இருந்தேன். பேச்சியம்மாளைக் கட்டிய பிறகும் அந்தக் குணம் போகவில்லை. அவள் தம்பி பாண்டி மலையில் இருந்ததால்தான் நாங்களும் மலைக்குப் போனோம். எனக்குச் சொத்து என்று இருந்தது கால் இரண்டும்தான். அதனால் அதில் ஒன்று அதிசயக் கால் என்றபோது சந்தோஷமாகவே இருந்தது.

ஒரு நாள் லயன் வீட்டில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தேன். பேச்சியம்மாள் என் காலைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள். பாதத்தின் அடியில் ஒரு புண். அதிலிருந்து ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. அவள் பிடித்து இழுத்தாள். விரல் நீளத்துக்கு ஒரு மூங்கில் சிம்பு வந்தது. நான் அடுத்த கவளத்தை உருட்டிக்கொண்டிருந்தேன்.

"இங்கேருங்க, இது உள்ளருந்து வருது" என்றாள்.

"எது?"

"வலிக்கலையா? சோத்தத் தின்னுக்கிட்டே இருக்கீகளே!"

அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. கையிலிருந்த சோற்றைத் தட்டில் போட்டேன்.

மறுநாளே என்னை மலையிறக்கினாள். சின்னமனூரில் ஒரு வைத்தியர் காலைத் தொடாமலே பார்த்தார். கணுக்காலுக்கு மேலே வெளிறிக் கிடந்த தேமலையும் பார்த்தார். மருந்து எதுவும் கொடுக்கவில்லை. மதுரையைத் தாண்டி ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே போங்கள் என்றார். எந்த நோய்க்கான ஆஸ்பத்திரி என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. தெரிந்துதான் இருந்தது.

உலகச் சண்டைக் காலத்தில் போடி ரயிலின் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். பஸ்தான். காலில் துணியைச் சுற்றிக்கொண்டு கடைசி இருக்கையில் உட்கார்ந்தேன். பேச்சியம்மாளைப் பெண்கள் பக்கம் போய் உட்காரச் சொன்னேன். "ஏன், அங்கன என்ன வச்சிருக்கு?" என்று என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். ஆண்டிபட்டிக் கணவாயில் பஸ் குலுங்கியபோது என் முழங்கையைப் பிடித்தவள், இறங்கும்வரை விடவில்லை.

அந்த ஆஸ்பத்திரியின் காத்திருக்கும் கொட்டகையில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. எல்லோரும் அடுத்தவன் கையைப் பார்க்கிறார்கள். விரல் நிமிர்ந்திருக்கிறதா, மடங்கியிருக்கிறதா, இருக்கிறதா. நானும் பார்த்தேன். என் விரல்களை வேட்டிக்கு மேலே நன்றாகத் தெரியும்படி விரித்து வைத்துக்கொண்டேன். என்ன அற்பத்தனம் என்று இப்போது தோன்றுகிறது. அன்று அது எனக்குப் பெரிய ஆறுதல்.

டாக்டர் நடுவயதுக்காரர். அதிகம் பேசமாட்டார். இரண்டு கண்ணாடிக் குழாய் எடுத்து, ஒன்றில் வெந்நீரும் ஒன்றில் பச்சைத் தண்ணீரும் ஊற்றினார். கண்ணைத் திருப்பச் சொல்லிவிட்டு அவற்றை என் தேமலில் வைத்து எது சூடு என்று கேட்டார். இரண்டும் ஒன்றுபோல்தான் இருந்தது. குத்துமதிப்பாகச் சொன்னேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. பிறகு முழங்காலுக்கு வெளிப்பக்கமாக விரலை வைத்து எதையோ உருட்டினார். பேச்சியம்மாளையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தோலுக்கு அடியில் கயிறுபோல ஒன்று தடித்து ஓடியது. அது நரம்பாம். காது மடலில் துளி கீறி, கசிந்த ஈரத்தைக் கண்ணாடியில் தேய்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். அதைச் சாயத்தில் நனைத்துப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தால் கிருமி சிவப்புக் குச்சிகளாகத் தெரியும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

"குஷ்டம்தான்" என்றார் டாக்டர். அந்த வார்த்தைக்காகக் குரலைத் தாழ்த்தவில்லை, சுற்றி வளைக்கவுமில்லை. அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

பேச்சியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

டாக்டர் விளக்கிச் சொன்னார். இந்த நோயில் இரண்டு தினுசு உண்டு. ஒன்றில் கிருமி ஏராளம். தோல் தடிக்கும், காது மடல் வீங்கும், முகம் மாறும். இன்னொன்றில் கிருமி கொஞ்சம்தான், ஆனால் நரம்பைச் சீக்கிரம் பிடிக்கும். எனக்கு இரண்டாவது. நரம்பு செத்த இடத்தில் சூடு, குத்து, வெட்டு எதுவும் தெரியாது. தெரியாததால் காயம் படும், காயத்தோடேயே வேலை பார்ப்போம், புண் எலும்புவரை போகும். விரலை நோய் தின்பதில்லை, நாம்தான் தெரியாமல் தொலைக்கிறோம் என்றார்.

என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். அட்டை விஷயத்தையும் சொன்னேன். மலையில் என் காலுக்கு இருந்த பேரைச் சொல்லி, வெட்கத்தோடு சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "அங்கே வேறு யாருக்காவது இப்படி உண்டா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சியம்மாள் சொன்னாள்: "எந்தம்பி கைய நெருப்பு சுடாதுங்கய்யா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே விளங்கியது. அவள் முகம் அப்படியே நின்றுவிட்டது.

டாக்டர் நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். கையில் தேமல் இருக்கிறதா, விரல்கள் நேராக நீளுகின்றனவா என்று கேட்டார். முன்கையில் ஒரு தேமல் உண்டு, விரல் நேராகத்தான் இருக்கிறது என்றாள் பேச்சியம்மாள்.

"அப்படியானால் இன்னும் நேரம் இருக்கிறது. உன் புருஷன் காலில் போன சொரணை எவ்வளவு திரும்பும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. உன் தம்பி கை வேறு. விரல் மடங்குவதற்கு முன்னால் வந்தால் அந்தக் கையைக் காப்பாற்றப் பார்க்கலாம். மடங்கிய பிறகு வந்தால் கிருமியைத்தான் விரட்டலாம், கையைத் திருப்பித் தர முடியாது. சீக்கிரம் கூட்டிக்கொண்டு வா."

என்னை வார்டில் விட்டுவிட்டு அவள் அங்கிருந்தே மலைக்குக் கிளம்பினாள்.

வார்டில் என் அடுத்த கட்டில் காசிம் ராவுத்தர். உத்தமபாளையத்து வியாபாரி, மலையிலிருந்து இறங்கும் ஏலக்காயை வாங்கிக் கைமாற்றிவிட்டவர். அவருக்கு முதல் தினுசு. காது மடல் இரண்டும் தொங்கும், புருவம் உதிர்ந்துவிட்டது. நான் எந்தத் தோட்டம் என்று கேட்டுவிட்டுக் கட்டிலைத் தட்டிச் சிரித்தார். "பறிச்சவனும் இங்கன, வாங்குனவனும் இங்கன. இனி மொதலாளி ஒருத்தர்தான் பாக்கி. அவருக்கு அந்தக் கட்டில் சும்மாதான் கெடக்கு, மாப்ளே."

எனக்கு அங்கே பெரிய கஷ்டம் வலி இல்லை. படுத்திருப்பதுதான். பாதத்துப் புண் ஆற வேண்டுமானால் காலை ஊன்றக் கூடாது என்று கம்பவுண்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உப்புத் தண்ணீரில் காலை ஊற வைப்பார், காய்ந்த தோலைச் சுரண்டுவார், கட்டுப் போட்டுத் தலையணைமேல் தூக்கி வைத்துவிடுவார். பிறந்ததிலிருந்து ஓரிடத்தில் கிடந்து பழகாதவனுக்கு இதைவிடத் தண்டனை வேண்டாம். ஜன்னல் வழியாகத் தெரிந்த ரோட்டில் போகிற வண்டிகளை எண்ணியே பைத்தியம் பிடித்தது. இரவில் யாராவது நரம்பு இழுத்து முனகுவார்கள். செத்த நரம்பு கடைசியாக ஒருமுறை வலிக்கும் என்று ராவுத்தர் சொன்னார். அது நிஜமா என்று தெரியாது. நான் என் கால் வலிக்காதா என்று காத்துக்கொண்டு கிடந்தேன்.

அப்போது மருந்து என்றால் எண்ணெய்தான். நீரடிமுத்து எண்ணெய். ராவுத்தருக்கு அந்த மரம் தெரியும். "மலைக்கு மேற்க மரோட்டின்னு சொல்வாக. அந்த எண்ணெயில வெளக்கு எரிப்பாக. நமக்கு ஊசியில ஏத்துறாக" என்பார். முன்காலத்தில் அதைக் குடிக்கக் கொடுத்தார்களாம். குடித்தவன் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுப்பானாம். பிறகு சதையில் ஊசியாகப் போட்டார்கள், அது கட்டியாகிச் சீழ் பிடித்தது. அதன் பிறகு அந்த எண்ணெயைப் பக்குவம் பண்ணித் தேமலின் தோலுக்குள்ளேயே சின்னச் சின்னக் குத்தாக, நாற்று நடுகிற மாதிரி வரிசையாகப் போடலாம் என்று கண்டுபிடித்தார்கள். நான் போன காலத்தில் அதுதான் வழக்கம்.

தேமலின் ஓரத்தில் குத்தும்போது சுள்ளென்று இருக்கும். நடுவே வந்தால் ஒன்றுமே தெரியாது. வாராவாரம் இப்படி. பல மாதம் ஆன பிறகு ஒரு நாள், ஓரத்திலிருந்து உள்ளே தள்ளிப் போட்ட குத்தில் சுருக்கென்றது. "ஆத்தாடி!" என்று கத்திவிட்டேன். கம்பவுண்டர் ஊசியை அப்படியே பிடித்துக்கொண்டு, "எங்கே? எங்கே? திரும்பச் சொல்லு" என்றார். திரும்பக் குத்தினார். திரும்பக் கத்தினேன். ராவுத்தர் எழுந்து வந்து பார்த்தார். "இன்னொரு தடவ குத்துங்கய்யா, எங்காதுக்கு இனிமையா இருக்கு" என்றார். வலி வந்ததற்காக மூன்று பேர் சிரித்தோம். அந்த ஓரம் மட்டும்தான் திரும்பியது. பாதம் இன்றுவரை கட்டைதான். ஆனால் அன்று எனக்கு ஓடிவந்த முதல் நினைப்பு பாண்டி. எனக்கே ஓரம் திரும்புகிறது என்றால் அவனுக்கு முழுக்கை நிற்குமே.

பேச்சியம்மாள் மலைக்குப் போய்வந்த கதையை முதல் தடவை வந்தபோதே சொல்லியிருந்தாள். பார்க்க வருகிறவர்கள் வார்டுக்குள் வரக் கூடாது, ஜன்னலுக்கு வெளியே புளியமரத்தடியில் நின்று பேச வேண்டும். ராவுத்தருக்குச் சின்னமனூர் வெற்றிலையும் எனக்குக் கருப்பட்டியும் கொண்டுவந்திருந்தாள். கருப்பட்டியைக் கையில் கொடுத்துவிட்டு அழுதாள்.

ஸ்டோர் வாசலில் நின்று தம்பியைக் கூப்பிட்டிருக்கிறாள். அவன் உள்ளேயிருந்தே, "மச்சானுக்கு எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டிருக்கிறான். இவள் விஷயத்தைச் சொன்னதும் சத்தம் போட்டுச் சிரித்திருக்கிறான்.

"அவுகளுக்கு ஈரத்துலயே நின்னு நின்னு கால் கெட்டுப்போச்சு. எங்கை காஞ்ச எடத்துல வேல பாக்குற கை. இந்தா பாரு" என்று ஒரு தட்டை இழுத்துக் காட்டினானாம்.

"டேய், சுடலேல்ல? அதாண்டா நோவு."

"சுடாட்டி நோவா? அப்பச் சுட்டா நல்லாருக்கேன்னு அர்த்தமா? நீ ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து கிறுக்காயிட்டக்கா."

அதற்குள் கங்காணி வந்துவிட்டார். "ஆத்தா, ஒம் புருசன் நோவ ஒம் புருசனோட வச்சுக்க. எந் தோட்டத்துல வந்து அந்தப் பேரச் சொன்னேன்னா நாளைக்கு ஒருத்தன் வேலைக்கு வரமாட்டான். அவனுக்குப் பேசிவச்ச பொண்ணு வீட்டுக்காரக காதுல விழுந்தா என்னாகும், யோசிச்சியா?"

இதுதான் அவள் வாயை அடைத்தது. கங்காணி கெட்ட மனிதர் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். அந்தப் பேர் ஒருவன்மேல் ஒட்டினால் கை போவதற்கு முன்னால் கல்யாணம் போகும், லயன் வீடு போகும். பாண்டி பயந்தது நோய்க்கு இல்லை, அந்தப் பேருக்கு. அதை நான் எப்படிக் குறை சொல்ல முடியும்? காத்திருக்கும் கொட்டகையில் விரலை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான்.

டாக்டரிடம் சொன்னேன். "சாட்சியாக நீயே போனால் அவன் கேட்பானா?" என்று கேட்டார். கேட்பான் என்றுதான் தோன்றியது. ஆனால் என் புண் பாதி ஆறியிருந்தது. அந்த மலைப்பாதையில் ஏறினால் கால் போய்விடும் என்று அவரே சொல்லிவிட்டு, அவரே வேண்டாம் என்றார். எங்கெங்கோ நடந்த கால். ஒரே ஒரு இடத்துக்கு நடக்க வேண்டியிருந்தபோது தலையணைமேல் கிடந்தது. அதற்குப் பிறகு மழை பிடித்தது, பாதை சரிந்தது. மலையிலிருந்து யாரும் இறங்கவில்லை, ஏறவுமில்லை.

அந்த மழைக்காலத்துக்குப் பிறகு வார்டில் ஒரு பேச்சு அடிபட்டது. வெளிதேசத்தில் புது மருந்து வந்திருக்கிறது, எண்ணெய் இல்லை, ஏதோ ரசாயனப் பொடி, கிருமியை நேராகவே அடிக்கிறது என்று. அதற்கு சல்போன் என்று பெயர். கொஞ்சம்தான் வந்தது. எல்லோருக்கும் கொடுக்க முடியாது. கிருமி அதிகமாக இருக்கிறவர்களுக்கு முதலில் கொடுத்துப் பார்ப்பது என்று டாக்டர் முடிவு செய்தார். ராவுத்தர் பெயர் அதில் இருந்தது. அது ரத்தத்தைக் குறைத்துவிடும் என்று பயந்து, அடிக்கடி விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ராவுத்தர் நடுவில் வெளிறிப்போய்ப் படுத்துவிட்டார், மருந்தைக் கொஞ்ச நாள் நிறுத்தினார்கள், பிறகு அளவைக் குறைத்துக் கொடுத்தார்கள்.

மெள்ள மெள்ள அவர் முகம் மாறியது. மூக்குப் புண் ஆறியது. காது மடல் சுருங்கியது. ஒரு காலை கண்ணாடியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "மாப்ளே, எங்க அத்தா மொகம் மாதிரி இருக்கு" என்றார். பிறகு வேடிக்கையாக ஏதோ சொல்லப் பார்த்தார். எத்தனையோ வருஷம் எண்ணெயைக் குத்திக்கொண்ட மனுஷர். "இது அப்பவே வந்திருந்தா" என்று மட்டும் சொன்னார். அந்த வார்டில் எல்லோரும் ஏதாவது ஒரு சமயத்தில் சொன்ன வார்த்தைதான் அது.

நான் டாக்டரிடம் போய், பாண்டி வந்தால் அவனுக்கு அந்த மருந்து கிடைக்குமா என்று கேட்டேன். "முதலில் வரட்டும். அவனுக்கு என்று ஓர் இடம் வைத்திருக்கிறேன்" என்றார். அதைப் பேச்சியம்மாளிடம் சொன்னேன். அவள் இரண்டாம் தடவை மலையேறினாள்.

இந்தத் தடவை அவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் சொல்லிக் கேட்டதால் இல்லை. அவள் போனபோது அவன் ஸ்டோரில் இல்லை, லயன் வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்ளே மடங்கிவிட்டன. தட்டைப் பிடிக்க முடியாமல் காயோடு அடுப்பு வாயில் கொட்டிவிட்டானாம். அதை எடுக்கப் போய் உள்ளங்கை வெந்திருக்கிறது. வெந்த வாடை வந்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கங்காணிதான், "ஆத்தா, கூட்டிட்டுப் போ" என்று சொல்லி, சின்னமனூர்வரை துணைக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். பெண் வீட்டார் ஏற்கெனவே விலகிவிட்டார்கள்.

அவனுக்குப் புது மருந்து கிடைத்தது. டாக்டர் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். கிருமி போயிற்று, தேமல் பரவாமல் நின்றது. இப்போது அவன் எங்களோடு சின்னமனூரில் இருக்கிறான், இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டான். இதையெல்லாம் நான் எழுதுவது மலையில் இன்னும் அட்டை கடிக்காத கால்களும் சுடாத கைகளும் இருக்கும் என்பதால்தான். உங்கள் வீட்டில் வலி தெரியாத ஓர் இடம் யாருக்காவது இருந்தால் மெச்சாதீர்கள். கூட்டிக்கொண்டு போங்கள்.

ஆனால் எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது மருந்து கிடைத்த நாள் இல்லை. அவன் வந்து சேர்ந்த காலை.

டாக்டர் அறையில் அவனை ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். நானும் ஊன்றுகட்டையோடு வாசலில் நின்றேன். பேச்சியம்மாளையும் உள்ளே விட்டார்கள். அந்தக் கையை எவ்வளவு மீட்கலாம் என்று அன்று தெரிந்துவிடும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். பாண்டி வழியெல்லாம் பேசாமல் வந்தவன், என்னைப் பார்த்ததும் பழைய பாண்டியாகிவிட்டான். "என்ன மச்சான், மூணு காலாயிருச்சு? ஒண்ணுதான் அதிசயம்னு பாத்தேன்" என்றான்.

டாக்டர் அவன் முழங்கைக்குப் பின்னால் விரலை வைத்து நரம்பை உருட்டிப் பார்த்தார். மடங்கிய விரல்களை நீட்டச் சொன்னார். பிறகு கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். பஞ்சைத் திரித்து முனையாக்கிக்கொண்டார். "நான் தொடுவேன். தொட்டதும் அந்த இடத்தை மற்றக் கை விரலால் காட்டு. சும்மா சொல்லக் கூடாது" என்றார்.

"சரிங்கய்யா. நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றான் பாண்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டு.

டாக்டர் சுண்டுவிரலில் தொட்டார். பாண்டி அசையவில்லை. மோதிரவிரலில். உள்ளங்கையின் ஓரத்தில். மணிக்கட்டில். தேமலின் நடுவில், தேமலின் ஓரத்தில். அங்கேயாவது காட்டுவான் என்று நான் பார்த்தேன். பஞ்சு முழங்கைவரை ஏறி, திரும்பவும் இறங்கி வந்தது. அவன் இடது கை விரலை நீட்டியபடி தயாராக இருந்தான்.

டாக்டர் பஞ்சைத் தட்டில் போட்டார். என்னைப் பார்த்தார்.

"தொடுங்கய்யா" என்றான் பாண்டி. "எப்பத் தொடப் போறீக? நான் ரெடியாத்தான் இருக்கேன்."

பேச்சியம்மாள் எழுந்து போய் அவன் தோளில் கையை வைத்தாள்.

அவன் கண்ணைத் திறக்காமலே சிரித்தான். இடது கையைத் தூக்கி அவள் விரல்மேல் வைத்துக் காட்டினான். "இந்தா, இங்கன. தெரிஞ்சிருச்சு" என்றான்.